பச்சைத் தோலுக்குள் பழுத்த சுளை: எலுமிச்சை, சாத்துக்குடிப் பழங்களின் மரபணு வெளிப்பாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வட சென்னையில், திருவொற்றியூர் மாடியில் எலுமிச்சைத் தொட்டி வைத்திருப்பவர்கள், வண்ணாரப்பேட்டையில் ஜூஸ் கடை நடத்துபவர்கள், கல்லூரி ஆய்வகத்தில் இந்தப் பழங்களை வைத்து புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளை ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறோம். கேட்பவர் வேறானாலும் பெரும்பாலான கேள்விகள் ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: இந்தப் பழத்தின் தோலும் சுளையும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன? எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள்தானே இருக்கின்றன?

ஆமாம், ஒரே மரபணுக்கள்தான். சாத்துக்குடி, ஆரஞ்சு வகைகளின் முழு மரபணுத் தொகுதி 2013இல் வெளியானது. 9 ஜோடி குரோமோசோம்களில் ஏறத்தாழ 29,000 மரபணுக்கள். தோல் செல்லிலும் சாறு நிறைந்த செல்லிலும் இதே தொகுப்புதான் இருக்கிறது. எந்த மரபணுவிலிருந்து எப்போது எவ்வளவு தூது ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது, அதிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத்தான் வெளிப்பாடு என்கிறோம். ஆய்வகத்தில் பொதுவாக அளப்பது தூது ஆர்என்ஏவை. அதன் அளவு கூடினால் நொதியின் வேலையும் அதே விகிதத்தில் கூடும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

பூ விரிந்ததிலிருந்து பழம் வரை எத்தனை கட்டங்கள்?

மூன்று. முதல் கட்டத்தில் செல்கள் பிரிந்து பெருகும். பிஞ்சில் இந்தக் கட்டத்தில் தடிப்பது பெரும்பாலும் தோல்தான். செல் பிரிதலை நடத்தும் சைக்ளின் மரபணுக்கள் அப்போது உச்சத்தில் இருக்கும். இது ஒன்று முதல் இரண்டு மாதம் வரை நீடிக்கும். இரண்டாம் கட்டத்தில் சாற்றுப் பைகளின் செல்கள் நீரை உள்ளே இழுத்து உப்பும். செல்சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் மரபணுக்களும், நீர் புகும் வழியான அக்வாபோரின் மரபணுக்களும் வேலை செய்வது இங்கே. புளிப்பு ஏறுவதும் இதே கட்டத்தில்தான். மூன்றாவது முதிர்ச்சிக் கட்டம்: புளிப்பு இறங்கும், சர்க்கரை ஏறும், குளிர் கிடைத்தால் தோல் நிறம் மாறும். எலுமிச்சை இந்த மூன்றையும் 5 முதல் 6 மாதத்தில் முடித்துவிடும். சாத்துக்குடிக்கு 8 முதல் 9 மாதம் ஆகும்.

எலுமிச்சை வெடிப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. முதல் கட்டத்தில் தண்ணீர் சரியாகக் கிடைக்காமல் தோல் மெலிந்துபோன காய், ஐப்பசி மழையில் சுளை திடீரென உப்பும்போது தாங்காமல் பிளந்துவிடும். வெடித்த பிறகு எதைத் தெளித்தும் பயனில்லை. பிஞ்சுக் காலத்தில் மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் சேறாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

தள்ளுவண்டியில் வாங்கும் சாத்துக்குடி ஏன் பச்சையாகவே இருக்கிறது? காயைப் பறித்து விற்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. தோல் மஞ்சளாக இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலில் பச்சையம் சிதைய வேண்டும். எஸ்ஜிஆர் என்ற மரபணுவின் நொதி பச்சைய மூலக்கூறின் நடுவிலிருக்கும் மெக்னீசியத்தைக் கழற்றுகிறது. பிபிஎச் நொதி அதன் வாலை வெட்டுகிறது. அடுத்து வரும் நொதிகள் வளையத்தை உடைக்கின்றன. இரண்டாவதாகக் கரோட்டினாய்டு நிறமிகள் சேர வேண்டும். இந்தப் பாதையின் முதல் படியை நடத்தும் பிஎஸ்ஒய் மரபணு கூடுதலாக வெளிப்படும். பச்சைக் காயில் லூட்டீன் பக்கம் போய்க்கொண்டிருந்த பாதை, எல்சிஒய்இ மரபணு அடங்கி எல்சிஒய்பி2 மரபணு எழும்போது வயோலாசாந்தின் பக்கம் திரும்பும். கமலா ஆரஞ்சின் செந்நிறத்துக்கு இன்னொரு மரபணுவும் வேண்டும். சிசிடி4பி1 என்ற அது கரோட்டினாய்டை வெட்டி பீட்டா-சிட்ரௌரின் என்ற செம்மஞ்சள் நிறமியை ஆக்குகிறது.

இந்த இரண்டு வேலைகளையும் முடுக்கிவிடுவது இரவுக் குளிர். இரவு வெப்பம் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இறங்கும் ஊர்களில் தோல் நன்றாக நிறமேறும். சென்னையில் தை மாதத்திலும் சராசரி இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் கடல் அந்தக் குறைவையும் கொஞ்சம் தடுத்துவிடுகிறது. நம் ஊருக்கு வரும் சாத்துக்குடியில் பெரும்பகுதி அனந்தபூர், கடப்பா, நல்கொண்டா பக்கத்துச் சரக்கு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான அறுவடைக் காலத்தில் அங்கேயும் இரவுகள் வெதுவெதுப்பாகவே இருக்கும். சுளைக்குள் புளிப்பு இறங்குவதற்கோ குளிர் தேவையில்லை, வெப்பமே அதை வேகப்படுத்தும். அதனால்தான் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே பழுத்துவிடுகிறது.

வாங்கும்போது நிறத்தை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களைக் கையில் ஏந்திப் பார்த்தால் கனமானதில் சாறு அதிகம். தோல் மெல்லியதாக, வழவழப்பாக, அழுத்தினால் லேசாக நெகிழ்வதாக இருக்க வேண்டும். சொரசொரப்பான தடித்த தோல் இருந்தால் உள்ளே வெண்தோல்தான் அதிகம் இருக்கும்.

வீட்டில் வைத்தால் இன்னும் இனிக்குமா?

இனிக்காது. மாம்பழமும் வாழையும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைப் பறித்த பிறகு சர்க்கரையாக்கும். எலுமிச்சை இனப் பழத்தின் சுளையில் அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. இலையிலிருந்து சுக்ரோஸ் வந்தால்தான் உண்டு, காம்பை வெட்டியதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. சில நாள் கழித்து இனிப்பு கூடியதுபோலத் தோன்றினால், கொஞ்சம் அமிலம் செலவாகியிருக்கும், நீரும் வற்றியிருக்கும்.

எத்திலீன் வைத்து மஞ்சளாக்குவது தவறா? கார்பைடு?

எத்திலீன் வேறு, கார்பைடு வேறு. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் வரக்கூடும். எத்திலீன் வாயுவுக்கு உணவுப் பாதுகாப்பு விதி 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதிக்கிறது. எலுமிச்சை இனத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை, 1 முதல் 5 பிபிஎம் போதும். ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம் வைத்து, ஒன்று முதல் மூன்று நாள் விட்டு, கரியமில வாயு தேங்காமல் காற்றை மாற்ற வேண்டும். அளவு மீறினால் காம்பு மூக்கு பழுப்பாகி உதிரும், அந்த வழியாகக் காம்பழுகல் பூஞ்சை நுழையும். எத்திலீன் தோலின் பச்சையச் சிதைவு மரபணுக்களை எழுப்பும், சுளையின் இனிப்பில் கை வைக்காது. ஆகவே மஞ்சள் நிறத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எலுமிச்சை ஏன் அவ்வளவு புளிக்கிறது? சில வகைகள் ஏன் புளிப்பதே இல்லை?

இந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் கிடைத்த மிக அழகான விடை இது. சிட்ரிக் அமிலம் சாற்றுச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகி, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் சேர்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பைக்கு வெளியே ஏறத்தாழ 7, உள்ளே 2 முதல் 2.5. புரோட்டான் செறிவில் அது லட்சம் மடங்கு வரை வித்தியாசம். சாதாரணப் புரோட்டான் பம்புகளால் மட்டும் அவ்வளவு சரிவுக்கு எதிராகத் தள்ள முடியாது. பிஎச்1, பிஎச்5 என்ற இரண்டு மரபணுக்கள் தரும் பம்புகள் சேர்ந்துதான் அதைச் சாதிக்கின்றன. புளிப்பு வகைகளில் இவை பலமாக வெளிப்படும், புளிப்பில்லாத வகைகளில் மிகக் குறைவு.

அந்தப் பம்புகளை முடுக்கும் மேலாளர் மரபணுக்களில் ஒன்று நோயெமி. 2019இல் இது விளக்கப்பட்டது. இனிப்பு லெமன், இனிப்பு லைம் போன்ற அமிலமற்ற வகைகளில் இந்த மரபணு சேதமாகியிருக்கிறது. இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டுகள் உள்ளே புகுந்தது அதற்கு ஒரு காரணம். இதே நோயெமிதான் தளிரிலும் பூவிலும் ஊதா நிறத்தைக் கொண்டுவருகிறது. புளிப்பு லெமனின் தளிர் ஊதா கலந்திருக்கும், அமிலமற்ற வகையின் தளிர் வெறும் பச்சை. காய்க்கும் முன்பே தளிரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அறுவடை நெருங்கும்போது புளிப்பு இறங்குவது வேறு மரபணுக்களின் வேலை. அக்கோனிடேஸ் சிட்ரேட்டை உடைக்க, குளூட்டமேட் வழியாக அது காபா என்ற சேர்மமாக மாறுகிறது.

பழம் பழுத்துவிட்டதா என்று எண்ணிக்கையில் சொல்ல எளிய சோதனை உண்டா?

உண்டு. பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலியவற்றின் சதவீதம்) அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் ஒரு பியூரெட்டும் போதும்.

பத்து மில்லி சாற்றை வடிகட்டி, 40 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, இரண்டு மூன்று சொட்டு பினால்ஃப்தலீன் விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் இளஞ்சிவப்பு 30 விநாடி நிலைக்கும்வரை டைட்ரேட் செய்யுங்கள். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் 6.4 மில்லிகிராம் சிட்ரிக் அமிலம். பத்து மில்லி சாறு எடுத்திருந்தால், செலவான மில்லியை 0.064ஆல் பெருக்கினால் அமில சதவீதம் வந்துவிடும். உதாரணமாக 9 மில்லி செலவானால் 0.58. பிரிக்ஸ் 9.5 என்றால், அதை அமில சதவீதத்தால் வகுத்து வரும் விகிதம் 16. அதே மரத்தில் வாரம் ஒருமுறை எடுத்து, இந்த விகிதம் ஏறுவதைப் பாருங்கள். எலுமிச்சைக்குப் பத்து மில்லி எடுத்தால் பியூரெட் காலியாகிவிடும், ஒரு மில்லி போதும். அப்போது 0.64ஆல் பெருக்க வேண்டும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. கைக்கருவி 20 டிகிரிக்கு அளவுசெய்யப்பட்டது. வெப்பத் திருத்தம் தானாகச் செய்யாத கருவியில், நம் ஊர் 30 டிகிரி அறையில் அளவு சுமார் 0.7 குறைவாகக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தது, எலுமிச்சையில் பிரிக்ஸ் எண்ணைச் சர்க்கரை என்று எழுதுவது. அதில் பெரும்பகுதி அமிலமே.

சாத்துக்குடி ஜூஸ் ஒரு மணி நேரத்தில் கசக்கிறதே?

பழத்தில் இருப்பது கசப்பில்லாத ஒரு முன்பொருள். பிழிந்ததும் அது சாற்றின் அமிலத்தோடு கலந்து, நொதியின் துணையோடு, மெல்ல லிமோனின் ஆகிறது. லிமோனின் மிகச் சிறு அளவிலேயே கசக்கும். பழம் முதிர முதிர லிமோனாய்டு குளூக்கோசில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற மரபணு அதிகம் வெளிப்பட்டு, முன்பொருளோடு குளூக்கோஸை ஒட்டிவிடும். ஒட்டியபின் அது கசப்பாக மாறாது. சீசன் தொடக்கப் பழம் அதிகம் கசப்பது இதனால்தான்.

கடைக்கு: விதையும் சுளைத்தோலும் வெண்தோலும் அரைபடக் கூடாது, முன்பொருள் அவற்றில்தான் அதிகம். மிக்ஸியில் சுளையோடு அடிப்பதைவிட அழுத்திப் பிழிவது நல்லது. காலையில் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தால் கசப்பு தாமதமாகுமே தவிர நிற்காது. சர்க்கரை அதை மறைக்கும், நீக்காது. பம்ளிமாஸின் கசப்பு வேறு. அது நாரிஞ்சின், கடித்த உடனே கசக்கும்.

ரத்த ஆரஞ்சை மாடியில் வளர்த்தால் சிவக்குமா?

சிவக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் ரூபி மரபணுவின் முன்னால் புகுந்திருக்கும் தாவும் டிஎன்ஏ துண்டு, குளிர் பட்டால்தான் அந்த மரபணுவை எழுப்பும். சிவப்பு பம்ளிமாஸின் நிறம் லைகோபீன், தக்காளியில் இருப்பதுதான். அதற்கு இந்தக் குளிர் நிபந்தனை இல்லை.

மாடி எலுமிச்சை தழைக்கிறது, பூக்கவில்லை. பூத்தாலும் பிஞ்சு கொட்டுகிறது.

பூக்கச் சொல்லும் மரபணு எஃப்டி. குளிர் நாடுகளில் 20 டிகிரிக்குக் கீழான வெப்பம் அதை எழுப்பும். நம் ஊரில் அந்த வேலையைத் தண்ணீர்த் தட்டுப்பாடு செய்கிறது. தினமும் தண்ணீரும் மாதாமாதம் யூரியாவும் பெறும் செடிக்குப் பூக்கக் காரணமே இல்லை. தண்ணீரைக் குறைத்து, மதியம் இலை சுருண்டு மாலையில் நிமிரும் நிலையில் ஒரு வாரம் பத்து நாள் வைத்திருந்து, பிறகு பழையபடி ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் இலை சுருண்டே இருந்தால் எல்லை மீறிவிட்டது, உடனே தண்ணீர் விடுங்கள்.

பூக்களில் மிகச் சிறு பங்குதான் பழமாகும், அது இயல்பு. உதிர்ந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்போடு விழுந்திருந்தால் அது கிளையோடு காம்பு சேரும் இடத்து முறிவு. முதல் இரண்டு மாதத்து உதிர்வு பெரும்பாலும் இப்படித்தான், பிஞ்சுகளுக்குச் சர்க்கரை பற்றாதது முக்கியக் காரணம். காம்பும் புல்லியும் மரத்திலேயே நிற்க, காய் மட்டும் விழுந்திருந்தால் அது பிந்தைய கட்டத்து முறிவு. தண்ணீர் ஏற்றத்தாழ்வு, பூச்சி, அழுகல் ஆகியவற்றைத் தேடுங்கள். இரண்டு இடத்திலும் செல்சுவரைக் கரைக்கும் செல்லுலேஸ், பாலிகேலக்டுரோனேஸ் மரபணுக்கள்தான் வெட்டு வேலையைச் செய்கின்றன.

வட சென்னையில் தனியாகச் சொல்ல வேண்டியது உப்பு. ஆரஞ்சு வகைகள் மண்கரைசலின் மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸ் தாண்டினாலே விளைச்சலை இழக்கத் தொடங்கும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் கருவியில் அது சுமார் 1,100 பிபிஎம். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் பல போர்த் தண்ணீர் இதைத் தாண்டும். தொட்டியில் நீர் ஆவியாகி உப்பு மேலும் சேரும். ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரை எலுமிச்சைக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். இலை நுனி கருகினால் மழைநீரையோ மெட்ரோ தண்ணீரையோ தொட்டியின் அடியில் வழியும்வரை விட்டு உப்பைக் கழுவுங்கள். ரங்பூர் லைம் வேர்ச்செடியில் ஒட்டிய கன்று குளோரைடை மேலே ஏற்றாமல் ஓரளவு தடுக்கும்.

விதை போட்டு வளர்த்தால் தாய் மரம் போலவே வருமா?

எலுமிச்சையிலும் சாத்துக்குடியிலும் பெரும்பாலும் வரும். ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, கருவுறுதலின்றித் தாயின் திசுவிலிருந்தே உருவானவை. சிட்ஆர்டபிள்யூபி என்ற மரபணுவின் கூடுதல் வெளிப்பாட்டோடு இந்தக் குணம் சேர்ந்து வருகிறது. பம்ளிமாஸில் இது கிடையாது. அதன் விதைக்கன்று வேறு குணத்தோடு வரும், பதியனோ ஒட்டோ வாங்குங்கள்.

புராஜெக்ட்டுக்குக் கடையில் பழம் வாங்கி ஆர்என்ஏ எடுக்கலாமா?

முறையைப் பழகலாம், முடிவு எழுதக் கூடாது. அந்தப் பழத்தின் வயது தெரியாது, பறித்து எத்தனை நாள், எத்திலீன் பட்டதா என்பதும் தெரியாது. பூ விரிந்த அன்றே நூல் கட்டித் தேதி எழுதிய மரம் வேண்டும். எலுமிச்சைக்கு 15, 30, 60, 90, 120, 150ஆம் நாள் என்று எடுக்கலாம். குறைந்தது மூன்று தனித்தனி மரங்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து காய்கள். ஒரே மரத்தின் மூன்று கிளைகள் மூன்று மரங்களுக்கு ஈடாகாது. பல மரபணுக்கள் நாளின் நேரத்துக்கேற்ப ஏறி இறங்குவதால் எப்போதும் ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை 8 முதல் 9க்குள், பறியுங்கள்.

முழுப் பழத்தையும் சேர்த்து அரைப்பதே நாங்கள் காணும் மிகப் பெரிய பிழை. தோலில் ஏறும் மரபணு சுளையில் இறங்கும், இரண்டும் கலந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எண் வரும். வண்ணத்தோலை, அதாவது நிறமுள்ள வெளித்தோலை, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். வெண்தோலைத் தனியே எடுங்கள். சுளைத்தோலை உரித்து சாற்றுப் பைகளைத் தனியே எடுங்கள். ஒவ்வொன்றும் வெட்டிய ஒரு நிமிடத்துக்குள் ஃபாயிலில் சுற்றித் திரவ நைட்ரஜனில் போக வேண்டும். பிறகு மைனஸ் 80இல் வைக்கலாம்.

காசிமேட்டு ஐஸ் பெட்டி போதுமா என்று கேட்கிறார்கள். மீனுக்குப் போதும். வெட்டிய திசுவில் 0 டிகிரியிலும் ஆர்என்ஏ சிதையும். முழுப் பழத்தை ஐஸில் வைத்தால் குளிர் அழுத்த மரபணுக்கள் எழுந்து, அளக்க வந்ததையே மாற்றிவிடும்.

ஆர்என்ஏ பழுப்பாக, ஜெல்லி மாதிரி வருகிறது. ஏன்?

பழுப்பு என்றால் பாலிஃபீனால், ஜெல்லி என்றால் பெக்டின். சாதாரண கிட் இந்தத் திசுவில் அடைத்துக்கொள்ளும். சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளால் பிரிக்கும் முறைக்குப் போங்கள். கரைசல்: சிடிஏபி 2 சதவீதம், பிவிபி 2 சதவீதம், டிரிஸ் 100 மில்லிமோலார் பிஎச் 8, ஈடிடிஏ 25 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 2 மோலார். பீட்டா மெர்காப்டோஎத்தனால் 2 சதவீதத்தைப் பயன்படுத்தும் முன்புதான் சேர்க்க வேண்டும். வண்ணத்தோல் 100 மில்லிகிராமுக்கு 1 மில்லி. சாற்றுப் பைகளில் நீரே அதிகம், ஆர்என்ஏ குறைவு, அதனால் 300 மில்லிகிராமாவது எடுங்கள். அவற்றின் அமிலம் கரைசலின் பிஎச்சை இழுத்துவிடும். கலந்தபின் பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள், 7.5க்குக் கீழே இருந்தால் டிரிஸை 300 மில்லிமோலாராக உயர்த்துங்கள். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாததால் வீணாகும் மாதிரிகள் ஏராளம்.

நைட்ரஜனில் மாவாக அரைத்ததை உருக விடாமல் 65 டிகிரி சூட்டிலுள்ள கரைசலில் கொட்டிக் கலக்கி 10 நிமிடம் வையுங்கள். குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24க்கு 1 கலவையால் இரண்டு முறை பிரியுங்கள். நடு அடுக்கு இன்னும் தடிமனாக இருந்தால் மூன்றாம் முறையும் செய்யுங்கள். மேல்நீரில் கால் பங்கு 10 மோலார் லித்தியம் குளோரைடு சேர்த்து 4 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் சுழற்றி, 70 சதவீத எத்தனாலால் கழுவி, 30 மைக்ரோலிட்டர் நீரில் கரையுங்கள். பிறகு டிஎன்ஏஸ் போட வேண்டும். ஒளி உறிஞ்சலில் (நானோமீட்டர் அலைநீளத்தில்) 260/280 விகிதம் 2க்குப் பக்கத்திலும் 260/230 விகிதம் 1.8க்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டாவது 1க்குக் கீழே இருந்தால் சர்க்கரையோ உப்போ மிச்சமிருக்கிறது, எத்தனால் கழுவலை மீண்டும் செய்யுங்கள்.

தூது ஆர்என்ஏவின் அளவைக் காட்டும் கியூபிசிஆர் சோதனையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒப்பீட்டு மரபணுவை, அதாவது எல்லா மாதிரியிலும் மாறாமல் வெளிப்படும் அளவுகோல் மரபணுவை. ஆக்டின் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். செல் உப்பும் கட்டத்தில் அதுவே ஏறி இறங்கலாம். ஆக்டின், இஎஃப்1ஆல்ஃபா, யுபிகுவிட்டின் மூன்றையும் உங்கள் எல்லா நாள் மாதிரிகளிலும் ஓட்டி, நிலையாக இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். பிரைமர் திறன் 90 முதல் 110 சதவீதம், பெருகும் துண்டு 80 முதல் 150 பேஸ். ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத குழாய் ஒன்றும் கட்டாயம். அதிலும் சிக்னல் வந்தால் டிஎன்ஏ மிச்சமிருக்கிறது. திறன் 100 சதவீதத்தை ஒட்டி, ஒப்பீட்டைக் கழித்த சிடி மதிப்பு (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்றின் எண், குறைந்தால் ஆர்என்ஏ அதிகம்) பச்சைத் தோலில் 6, மஞ்சள் தோலில் 3 என்றால் வித்தியாசம் 3, அதாவது 2இன் மூன்றாம் அடுக்கு, மஞ்சள் தோலில் 8 மடங்கு அதிகம்.

பணமில்லை என்றால் ஆய்வு நிற்க வேண்டியதில்லை. ஆரஞ்சு, கிளெமன்டைன் மரபணுத் தொகுதிகளும் பழக் கட்டங்களின் ஆர்என்ஏ வரிசைத் தரவுகளும் பொதுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிஎச்5, பிஎஸ்ஒய், சிசிடி4பி1 மூன்றையும் திசுவாரியாக ஒப்பிட்டாலே இளங்கலைப் புராஜெக்ட்டுக்குப் போதுமான சரக்கு இருக்கிறது.

எலுமிச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை வைக்கலாமா?

தள்ளி வைப்பது நல்லது. எலுமிச்சை இனத்தைப் பசுமையாதல் நோய்க்கு ஆளாக்கும் பாக்டீரியாவைச் சுமக்கும் சில்லிடு பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் முட்டையிட்டுப் பெருகும். நோய் கண்ட மரத்தில் பழம் சிறுத்துக் கோணலாகும், நிறமும் தலைகீழாக மாறும்: காம்புப் பக்கம் முதலில் மஞ்சளாகி, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். இலையில் நடுநரம்பின் இருபுறமும் ஒத்துப்போகாத மஞ்சள் திட்டுகள் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் சத்துக் குறைபாடு. கறிவேப்பிலையில் தளிர் வரும்போதெல்லாம் இலையின் அடியைத் திருப்பிப் பார்த்து, மஞ்சள் முட்டையோ வெள்ளை இழையோ இருந்தால் அந்தத் தளிரைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டுவிடுங்கள்.